வாய் கோணியது, காரணம் காதில் இருந்தது: முகவாதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 56 வயதுப் பெண். மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. எடை 58 கிலோ. ஒன்பது வருடமாக இனிப்புநீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் உண்டு. மெட்ஃபார்மின், அம்லோடிபின் சாப்பிடுகிறார். (யாரையும் அடையாளம் காண முடியாதபடி, ஒரே மாதிரியான பல நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து இந்த நிகழ்வு அமைக்கப்பட்டிருக்கிறது.)

சனிக்கிழமை வலது காதுக்குள் குத்தல் தொடங்கியது. ஞாயிறு இரவு அந்த வலி தூங்கவிடவில்லை. திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கிளம்பும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் வலது ஓரமாகத் தானே ஒழுகியது. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா "ஆங்கின் அஹ்மார்" என்றார், பக்கவாதத்துக்கு மலாய்ச் சொல். மாமியார் "காத்து அடிச்சிருச்சு" என்றார். எண்ணெய் காய்ச்சி நீவினார்கள், அதுவும் இடக் கன்னத்தை. இது பல வீடுகளில் நடக்கும் தவறு. செயலிழந்த பக்கம் தொய்ந்து கிடக்கும், நன்றாக இருக்கும் பக்கம்தான் வாயைத் தன் பக்கம் இழுக்கும். கோணல் தெரியும் பக்கமே கெட்டுப்போன பக்கம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு தனியார் கிளினிக்கில் காதுவலிக்கு ஆன்டிபயாட்டிக்கும் 'நரம்புக்கு' பி வைட்டமினும் கொடுத்து அனுப்பினார்கள். அரசு கிளினிக்குக்கு வந்தது புதன் மதியம் இரண்டு மணிக்கு. திங்கள் காலை ஐந்திலிருந்து கணக்கிட்டால் 57 மணி நேரம். அந்தக் கணக்கை நோயாளிச் சீட்டின் முதல் வரியில் எழுத வேண்டும். "இரண்டு மூன்று நாளாக" என்று எழுதினால் ஸ்டிராய்டு மருந்து தொடங்குவதற்கான 72 மணி நேர எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூளையா, நரம்பா

நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. முகத்தின் கீழ்ப்பாதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே மூளையில் ஒரு பக்கம் ரத்தக்குழாய் அடைத்தால் வாய் கோணும், நெற்றி சுருங்கும். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பே அடிபட்டால் நெற்றியும் சேர்ந்து செத்துவிடும். "புருவத்தத் தூக்குங்கம்மா" என்றதும் இந்த அம்மாவின் இடப்பக்கம் நான்கு கோடுகள் விழுந்தன. வலப்பக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது.

இதோடு நிறுத்தினால் ஏமாறுவோம். ஏழாம் நரம்பின் கரு இருப்பது மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில். அங்கே சின்ன அடைப்பு வந்தாலும் நெற்றி உட்பட அரைமுகம் முழுக்க விழும். ஆனால் அது தனியாக வருவது அபூர்வம். அதே பக்கக் கண் வெளிப்புறம் திரும்பாது, அல்லது எதிர்ப்பக்கக் கை கால் தளரும், நடை தள்ளாடும். எனவே நெற்றியைப் பார்த்த கையோடு கண்ணை இடவலமாக ஓட்டச் சொல்வது, இரு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்வது, பத்து அடி நடக்கவிடுவது ஆகிய மூன்றும் முடிய வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும். ஒன்று பிசகினாலும் ஸ்டிராய்டைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆம்புலன்ஸ்தான்.

இவருக்குக் கண் இரு பக்கமும் முழுதாக ஓடியது. கை கால் சமம். நடையில் மட்டும் சிறு தடுமாற்றம், "தலை கிர்ருங்குது டாக்டர்" என்றார். மேலே சொன்ன விதிப்படி அதுவே போதும் நிறுத்தி யோசிக்க, ஆனால் மூன்று நாள் தூங்காததால் வந்தது என்று அன்று எழுதப்பட்டது.

முகத்தைப் பார்த்த விதம்

வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி உட்காரவைத்து முதலில் சும்மா பேசவிட்டுப் பார்க்க வேண்டும். கண் சிமிட்டும்போது வலது இமை பின்தங்குகிறதா, மூக்கோரத்துக் கோடு மறைந்திருக்கிறதா என்பது பேச்சின் நடுவிலேயே தெரிந்துவிடும். பிறகு ஐந்து ஏவல்கள்: புருவத்தைத் தூக்கு, கண்ணை மெல்ல மூடு, இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, உதட்டைக் குவித்து ஊது.

கண் மூடும் சோதனையில் ஒரு பொறி உண்டு. கீழே பார்த்துக்கொண்டே மூடச் சொன்னால், மேலிமையைத் தூக்கும் தசை தளர்வதாலேயே இமை பாதி இறங்கும். அந்தத் தசை மூன்றாம் நரம்புக்கு உரியது, ஏழாம் நரம்போடு அதற்குச் சம்பந்தமில்லை. அதைப் பார்த்து 'அசைவு இருக்கிறது' என்று எழுதினால் செயலிழப்பின் தரம் ஒரு படி தப்பாகும். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூடச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தபோது வலக்கண்ணில் 5 மி.மீ. இடைவெளி நின்றது, விழி மேல்நோக்கி உருண்டு வெள்ளை தெரிந்தது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் வழங்கும் இந்த மேல்சுழற்சி இருப்பது நல்லது. தூக்கத்தில் கருவிழி மேலிமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இது இல்லாதவர்களுக்குக் கருவிழி புண்ணாகும் ஆபத்து மிக அதிகம்.

ஹவுஸ், பிராக்மன் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலில் (ஒன்று இயல்பு, ஆறு முழுச் செயலிழப்பு) இவர் ஐந்தாம் தரம்: வாயோரத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் துடிப்பு. கண் முழுதாக மூடினால் மூன்று, மூடாவிட்டால் நான்கு அல்லது அதற்கு மேல் என்ற ஒரு பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டாலே கிளினிக் வேலைக்குப் போதும்.

முகத்துக்கு வெளியே பார்க்க வேண்டியவையும் உண்டு. காதுக்கு முன்னும் தாடை மூலைக்குப் பின்னும் விரலால் தடவி உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது, இல்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல விழுந்த முகம், தசைத் துடிப்போடு விழுந்த முகம், கீழுதடு மட்டுமோ புருவம் மட்டுமோ விழுந்த முகம் ஆகிய மூன்றும் கட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு பார்க்கப்பட வேண்டியவை. இனிப்புநீர்க்காரர்களுக்குக் காதுவலியோடு முகம் விழுந்தால் இன்னொன்றும் உண்டு: சூடோமோனாஸ் கிருமி காதுத் துளையிலிருந்து மண்டையோட்டு எலும்பை அரிக்கும் கடுந்தொற்று. காதுத் துளையின் தரையில் சிவந்த சதைமுளை, நாள்பட்ட சீழ், இரவில் கூடும் வலி ஆகியவை அதன் அடையாளம். அவை இருந்தால் ஸ்டிராய்டு கொடுப்பதற்கு முன் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். தோலில் உணர்வற்ற வெளிறிய படை உண்டா, காதுக்குக் கீழே கழுத்தில் தடித்த நரம்பு உருளுகிறதா என்று பார்ப்பதற்குப் பத்து வினாடி ஆகும். தொழுநோய் இமையை மட்டும் தனியாகச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

வலது செவிப்பறை நன்றாகத் தெரிந்தது, சீழ் இல்லை. மடல் கொஞ்சம் சிவந்திருந்தது. எண்ணெய் நீவலால் சிவந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது, நீவியது இடக் கன்னத்தை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மருந்துச் சீட்டு

காரணம் தெரியாத திடீர் முகவாதம், அதாவது பெல்ஸ் பால்சி என்று எழுதப்பட்டது. தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுக்கவில்லை. தெளிவான பெல்ஸ் பால்சிக்கு அது தேவையும் இல்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டிராய்டு 60 மி.கி. ஐந்து நாள், பிறகு தினம் 10 மி.கி. குறைத்து இன்னொரு ஐந்து நாள். 5 மி.கி. மாத்திரையாகக் கொடுத்தால் முதல் ஐந்து நாளும் 12 மாத்திரை, அப்புறம் 10, 8, 6, 4, 2. மொத்தம் 90. முதல் வேளையை மறுநாள் காலைக்குத் தள்ளாமல் கிளினிக்கிலேயே விழுங்கவைத்தார்கள். பன்னிரண்டு மாத்திரையைப் பார்த்துப் பயந்து இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு என்பதால் மகளிடம் தாளில் கட்டம் போட்டுக் கொடுக்கப்பட்டது.

ஸ்டிராய்டு கொடுப்பதில் இப்போது யாருக்கும் பெரிய தயக்கம் இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் தொடங்கியவர்களில் மூன்று மாதத்தில் 83.0 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினார்கள், அது பெறாதவர்களில் 63.6 விழுக்காட்டினர். இனிப்புநீர் இருப்பது இதைத் தவிர்க்கக் காரணம் அல்ல, சர்க்கரையைக் கூடவே பார்த்துக்கொள்ளக் காரணம்.

காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். இவருக்கு வியாழன் காலை 8.4, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 17.6 மில்லிமோல். பிரெட்னிசோலோன் ஒவ்வொரு 10 மி.கி.க்கும் எடையில் கிலோவுக்கு 0.1 யூனிட், உச்சமாக 0.4 யூனிட் என்பது நடுத்தரக் கால இன்சுலினுக்குப் புழக்கத்தில் உள்ள கணக்கு. 58 கிலோவுக்கு 23 யூனிட் வரும். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்ததாலும் வீட்டில் முதல்முறை ஊசி போடுவதாலும் பாதி அளவில், காலையில் 12 யூனிட்டில் தொடங்கினார்கள். ஏற்றுவதை விட இறக்குவதில்தான் கவனம் வேண்டும். மாத்திரை குறையும் நாளில் இன்சுலினைக் குறைக்க மறந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மாத்திரைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்சுலின் கட்டமும் எழுதப்பட்டது.

தோட்டப்புறத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்தவரா? ஸ்டிராங்கிலாய்ட்ஸ் புழு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் குடலில் கிடந்து, ஸ்டிராய்டு உள்ளே போனதும் பெருகி உடலெங்கும் பரவக்கூடும். குறுகிய காலச் சிகிச்சையிலும் அது நடந்திருக்கிறது. ரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் கூடியிருந்தால் மலச் சோதனையும் புழு மருந்தும் முந்த வேண்டும். இவர் பூட்ஸ் போட்டு வேலை செய்பவர், அணு எண்ணிக்கையும் இயல்பு.

வெள்ளிக்கிழமை

இரண்டு நாள் கழித்து மறுபடி வரச்சொன்னது சர்க்கரைக்காக. அன்று முகம் ஆறாம் தரத்துக்கு இறங்கியிருந்தது. துடிப்பும் இல்லை. முதல் சில நாள் இறங்குவது பெல்ஸ் பால்சியிலும் உண்டு, அதுவே ஆச்சரியம் அல்ல. ஆனால் காதுவலி குறையவில்லை. மகள் கரண்டியைத் தட்டில் போட்டால்கூட வலது காதைப் பொத்திக்கொண்டார். தலைமுடியை ஒதுக்கி, காது மடலின் குழிவுக்குள் டார்ச் அடித்தபோது அரிசிக்குறுணை அளவில் ஐந்தாறு நீர்க்கொப்புளங்கள், இரண்டு உடைந்து பொருக்குத் தட்டியிருந்தன. நாக்கின் முன்புற வலப்பக்கத்திலும் வெளுத்த புண் ஒன்று. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால் இடது காதில்தான் ஓசை கேட்டது. வலது காதின் கேட்கும் நரம்பும் தொடப்பட்டிருக்கிறது. புதன்கிழமை 'தூக்கமின்மை' என்று எழுதிய தலைசுற்றலுக்கு இப்போது அர்த்தம் வந்தது. விழிகள் இடப்பக்கம் விட்டுவிட்டுத் துடித்தன.

இது ராம்ஸே ஹன்ட் நோய். 1907இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ராம்ஸே ஹன்ட் விவரித்தது. சின்ன வயதில் சின்னம்மை போட்ட அதே வைரஸ் ஏழாம் நரம்பின் முடிச்சில் பல பத்தாண்டுகள் உறங்கி விழித்துக்கொள்வது. தமிழில் அக்கி என்கிறோமே, அதேதான். இடுப்பில் வராமல் காதில் வந்திருக்கிறது.

புதனன்று தவறவிட்டது என்ன? கொப்புளம் அன்று வெளியே வராமல் இருந்திருக்கலாம், முகம் விழுந்த பிறகே பொங்குவது சகஜம். ஆனால் மூன்று தடயங்கள் அன்றே இருந்தன: தூங்கவிடாத காதுவலி, தலைசுற்றல், ஐந்தாம் தரச் செயலிழப்பு. பெல்ஸ் பால்சியில் காதுக்குப் பின்னால் வலி வரும், ஆனால் மூன்றும் இப்படிக் கூடி வருவதில்லை. எங்கள் கணிப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் கொப்புளத்துக்குக் காத்திராமல் அன்றே வைரஸ் மருந்தைச் சேர்த்துவிட வேண்டும். கொப்புளமே வராமல் போகும் வகையும் உண்டு. ஜப்பானில் 80 நோயாளிகளைப் பார்த்து 1997இல் வெளியான ஆய்வில், அசைக்ளோவிரும் ஸ்டிராய்டும் மூன்று நாளுக்குள் தொடங்கியவர்களில் 75 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினர், நான்கிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஏழு நாள் தாண்டியவர்களில் 30 விழுக்காட்டினர். இவருக்கு ஐந்தாம் நாள்.

அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. வாலாசைக்ளோவிர் என்றால் 1 கிராம் மூன்று வேளை, சாப்பிடச் சுலபம். ஆனால் இவருடைய கிரியேட்டினின் 104 மைக்ரோமோல். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிதிறன் நிமிடத்துக்கு 49 மில்லிலிட்டர் அளவில் நிற்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் வாலாசைக்ளோவிர் இரண்டு வேளைதான். அசைக்ளோவிரை இந்த அளவில் குறைக்க வேண்டியதில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பார்க்காமல் முழு அளவு கொடுத்து, வயதானவர் பிதற்றத் தொடங்கினால் 'மூளைக்குப் பரவிவிட்டது' என்று கலங்குவது வீண் அலைச்சல். பெரும்பாலும் அது மருந்து தேங்கியதன் விளைவு.

வீட்டில் 'அம்மை' என்ற சொல் எழுந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. மாமியார் மாத்திரையை நிறுத்தி வேப்பிலை வைக்கச் சொன்னார். காவி குழைத்து அக்கி எழுதவும் ஆள் பார்த்தார். இதில் சண்டை போட்டால் மாத்திரைதான் நிற்கும். "வேப்பிலை தலைமாட்டுல இருக்கட்டும்மா, மாத்திரை வயித்துக்குள்ள போகட்டும்" என்று சொல்லி முடிந்தது. காவி மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டது: புண்ணில் கிருமி ஏறும், கொப்புளம் காய்கிறதா பரவுகிறதா என்பதும் தெரியாமல் போகும். மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்ததால் அஞ்சத் தேவையில்லை. போடாதவராக இருந்திருந்தால் பொருக்குக் காயும் வரை அம்மாவைத் தொட்டுப் பராமரிக்க வேறொருவர் வேண்டும்.

கண்

முகவாதத்தில் முகம் மெல்லத் திரும்பும். கருவிழி போனால் திரும்பாது. பகலில் மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. அடிக்கடி விடுவதால் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத வகை நல்லது. இரவில் களிம்பு, பிறகு இமையை ஒட்டுவது. எல்லோருக்கும் கெட்டுப்போவது இந்த ஒட்டுவதில்தான்.

முதலில் களிம்பை கீழிமையின் உட்பக்கம் மட்டும் அரை அங்குலம் வைக்க வேண்டும். இமைத் தோலில் வழிந்தால் டேப் பிடிக்காது, நம் ஊர் வெக்கையில் வேர்வையே போதும் கழன்றுவிட. அதனால் இமையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, விரலால் மேலிமையை முழுதாக இறக்கி, காகித டேப்பை மேலிமையிலிருந்து கன்னத்தெலும்புக்குச் சாய்வாக ஒட்ட வேண்டும். இமைமுடி உள்மடங்கவில்லை என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். பஞ்சோ காஸ் துணியோ கண்மேல் வைக்கக் கூடாது.

இந்த அம்மா வைத்தார். டேப் உறுத்துகிறது என்று அடியில் காஸ் மடித்து வைத்துத் தூங்கியிருக்கிறார். நள்ளிரவில் இமை திறந்துகொள்ள, தலைக்கு நேரே சுழன்ற விசிறிக் காற்றில் களிம்பும் உலர்ந்து, காஸ் கருவிழியில் உரசியிருக்கிறது. ஒன்பதாம் நாள் ஃப்ளூரசீன் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியின் கீழ் மூன்றிலொரு பகுதி பச்சையாகப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. சாயம் விடுவதற்கு முன் பஞ்சு நூலால் கருவிழியைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. மரத்துப்போன கருவிழியாக இருந்தால் நோயாளி வலி என்றே சொல்ல மாட்டார். குளோராம்ஃபெனிகால் களிம்பு, மறுநாளே கண் மருத்துவர், விசிறியைக் கால்மாட்டுக்குத் திருப்பியது. நான்கு நாளில் ஆறியது. மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசக் கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும், செம்பனைக் காட்டுக்குள் போவதே கூடாது. ஆறு வாரம் எம்சி (மருத்துவ விடுப்பு) எழுதப்பட்டது.

அதற்குப் பிறகான மாதங்கள்

மூன்று வாரத்தில் அசைவே இல்லை. பெல்ஸ் பால்சியாக இருந்தால் பெரும்பாலோருக்கு அதற்குள் ஏதாவது அசைந்திருக்கும். வீட்டில் பலூன் ஊதச் சொன்னார்கள், சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள், மின்சாரம் வைக்கும் இடம் ஒன்றையும் சொன்னார்கள். மூன்றுமே வேண்டாம் என்றோம். வலுக்கட்டாயமாக முழு முகத்தையும் அசைத்துப் பழகினால், திரும்பி வளரும் நரம்பு இழைகள் தப்பான தசைகளோடு சேர்ந்து இயங்கும் பழக்கம் உறுதிப்படும். சாப்பிட்ட சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே தங்குவதற்கு மட்டும் வழி சொல்லப்பட்டது: இடப்பக்கம் மெல்லுதல், ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் விரலால் கன்னத்தை வெளியிலிருந்து தள்ளுதல், சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தல்.

பத்தாவது வாரம் வாயோரம் லேசாக அசைந்தது. மூன்றாம் மாதம் நான்காம் தரம். மூன்று மாதமாகியும் முழுதாகத் திரும்பாததால் ஈப்போவுக்கு அனுப்பி எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது, கட்டி ஏதும் இல்லை. அசைவே வராமல் போயிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே நரம்பு மாற்று அறுவை பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஒன்று ஒன்றரை வருடம் கட்டளை கிடைக்காத தசை பிறகு எந்த நரம்பைக் கொடுத்தாலும் எழாது.

ஏழாம் மாதம் புதிய குறை: "சிரிச்சா கண்ணு மூடிக்குது டாக்டர்." நரம்பு தப்பான தசைக்கு வளர்ந்ததன் அடையாளம் இது. கண்ணாடி முன் உட்கார்ந்து, கண்ணை அகல வைத்துக்கொண்டே வாயோரத்தைக் கால்வாசி மட்டும் உயர்த்துவது, ஐந்து முறை, மிக மெதுவாக, நாளுக்கு இரு வேளை. கண் சுருங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கட்டைவிரலைக் கன்னத்தின் உட்புறம் வைத்து இறுகிய தசையை வாய் நோக்கி இழுத்துவிடுவதும் சேர்ந்தது. பத்தாம் மாதம் வலக்கண்ணைச் சுற்றிச் சிறு அளவில், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடப்பட்டது. அதன் பலன் மூன்று மாத அளவில் தேயும்.

ஒரு வருட முடிவில் மூன்றாம் தரம். கண் முழுதாக மூடுகிறது, தண்ணீர் ஒழுகுவதில்லை, வலது காதில் உயர்ந்த ஓசைகள் மட்டும் மங்கல். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.1இலிருந்து 7.4க்கு வந்திருக்கிறது. உதிரிப்பழ வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடியோடு திரும்பியிருக்கிறார். அடுத்த ஊசிக்கான நாள் கிளினிக் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.